ஈடு வைக்கப்பட்ட பற்று: உதைபந்தாட்ட இரசிகரின் எதிர்ப்பியக்கங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

2021 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆந் திகதி, மன்செஸ்ரர் நகரின் ஓல்ட் ட்ரபோர்ட் அரங்கிலே மன்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்துக்கும் லிவர்பூல் கழகத்துக்குமிடையே நடைபெறவிருந்த உதைபந்தாட்டப் போட்டி நடைபெறவில்லை. மழையோ பனியோ அதற்குக் காரணமன்று. கொரோனாத் தொற்றின் காரணமாகப் பார்வையாளர் அனுமதிக்கப்படாதிருந்த அவ்வரங்கினுள்ளே, கழகத்தின் உடைமையாளரான கிளேசர் குடும்பத்தினருக்கு எதிராகக் குரலெழுப்பியவாறு இரசிகர் ஒரு தொகுதியினர் புகுந்து ஆடுதளத்தில் நின்றனர். ஆயிரக்கணக்கானோர் வெளியே திரண்டிருந்தனர். பொலிசாருடன் கைகலப்பு மூண்டது. பொலிசார் சிலர் காயமுற்றனர். போட்டி பிற்போடப்பட்டது. தம் கழகம் ஆடுவதைக் காண்பதைத் தம் வாழ்வின் பெருவிருப்பாகக் கொண்டோரே அக்கழகம் ஆடாதவாறு தடுத்தனர் என்பதுதான் அன்றைய நிகழ்ச்சியில் நாம் கருத்தூன்றி நோக்க வேண்டிய அம்சமாகும்.

இரசிகன் எனும் சொல்லைப் பற்றி முதற்கண் சிறிது கூறுதல் வேண்டும். இரசம் எனின் சுவை. கலைப் பொருளுக்குப் புறத்தே நின்று அதனைச் சுவைப்பவனையே நாம் இரசிகன் என்கிறோம். நாடகம் நன்றாயின் கைதட்டுவான். நன்றன்றாயின் எழுந்து செல்வான். ஆனால் ஆங்கிலேயர் இவ்விளையாட்டின் பார்வையாளனுக்கு வழங்கும் பழைய சொல்லின் பொருள் தாங்குபவன், ஆதரவாளன் என்பதாகும். அணி தோற்றாலும் அவன் எழுந்து செல்வதில்லை. தோற்கும்போது தாங்குவதே அவன் கடமை. கழக உடைமையாளரின் கணக்கேட்டிலோ சுவைப்பவனும் இல்லை, தாங்குபவனும் இல்லை. அங்கே பதிவாகியிருப்பவன் நுகர்வோன் ஒருவனே. ஒரே மனிதன்மீது சுமத்தப்பட்ட இம்மூன்று பெயர்களுக்குமிடையிலான முரண்பாட்டிலிருந்தே இரசிகர் எதிர்ப்பு என்னும் தோற்றப்பாடு பிறக்கின்றது.

இவ்வெதிர்ப்புகளின் வலிமையும் வலுவின்மையும் ஒரே ஊற்றிலிருந்து சுரப்பவை என்பதே இக்கட்டுரையின் வாதமாகும். அவ்வூற்று இரசிகனின் பற்று. 'கழகம் எம்முடையது' என்று அவனைக் கூற வைப்பது அது. உடைமையாளர் கடன் பெறும்போது உண்மையில் ஈடாக வைப்பதும் அதுவே.

உரிமைக் கோரலின் வரலாற்று அடிப்படை

'கழகம் எம்முடையது' என்னும் கூற்று வரலாற்று நோக்கில் எத்துணை உண்மையானது? 1878 இல் லங்காஷயர் - யோர்க்ஷயர் புகையிரதப் பாதைக் கம்பனியின் வண்டித் தொழிற்பகுதியினர் நியூற்றன் ஹீத் என்னுமிடத்திலே ஒரு கழகத்தைத் தோற்றுவித்தனர். அதுவே பின்னர் மன்செஸ்ரர் யுனைற்றெட் ஆகியது. தோற்றுவாயைக் கொண்டு நோக்கின் இது தொழிலாளர் படைப்பே. ஆயின் 1902 இல் அக்கழகம் கடனில் மூழ்கியபோது அதனை மீட்டுப் புதுப்பெயர் சூட்டியவர் ஜோன் ஹென்றி டேவிஸ் என்னும் மதுவடிசாலை முதலாளி. இது ஒரு கழகத்தின் தனிக்கதை மட்டுமன்று. 1863 முதல் 1915 வரையிலான ஆங்கில உதைபந்தாட்டத்தை ஆராய்ந்து ரொனி மேசன் 1980 இல் வெளியிட்ட நூல், கழகங்களின் பணிப்பாளர்களும் பெரும் பங்குடையோரும் மிகப் பெரும்பாலும் வணிகரும் மத்தியதர வர்க்கத்தினருமே என்பதைக் காட்டியது. ஆட்டக்காரர் தொழிலாளர், பார்வையாளர் தொழிலாளர், உடைமையாளரோ பிறர் என்பதே தொடக்கம் முதலான அமைப்பு.

இதற்கு முன்னர், 1971 இல், சமூகவியலாளர் இயன் ரெய்லர் வேறொரு விளக்கத்தைத் தந்திருந்தார். முற்காலத் தொழிலாள வர்க்க இரசிகன் தன் கழகத்தின் விடயங்களிலே தனக்கும் பங்குண்டு என உணர்ந்திருந்தான். விளையாட்டு வணிகமயமாகிய வேளை அவ்வுணர்வு பறிக்கப்பட்டது. அரங்குகளில் எழுந்த குழப்பங்கள் அவ்விழப்பின் வெளிப்பாடே என்பது அவரது கருத்து. மேசனின் சான்றுகளை வைத்து நோக்கின் ரெய்லர் இல்லாத பொற்காலம் ஒன்றைக் கற்பனை செய்தாரெனத் தோன்றும். ஆயினும் ரெய்லரை முற்றாகத் தள்ளிவிடுவதும் தகாது. அவர் பேசியது உணர்வு பற்றி. மேசன் பேசியது பங்குப் பத்திரம் பற்றி. சட்டத்தில் இல்லாத உரிமை வழக்கத்தில் இருக்கக்கூடும்.

இவ்விடத்திலே வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் துணைக்கு வருகின்றார். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயரின் உணவுக் கலகங்களை ஆராய்ந்த அவர், அவை வெறும் பசியின் வெறியாட்டங்களல்ல என 1971 இல் நிறுவினார். கலகக்காரர் பல சந்தர்ப்பங்களில் தானியத்தைக் கொள்ளையிடவில்லை. நியாயமெனத் தாம் கருதிய விலைக்கு அதனை விற்று, பணத்தை உரியவரிடமே ஒப்படைத்தனர். தானியம் வணிகனுடையது என்பதை அவர்கள் மறுக்கவில்லை. அதனை எவ்விலைக்கும் விற்க அவனுக்கு உரிமையுண்டு என்பதையே மறுத்தனர். இதனைத் தொம்சன் அறவழிப் பொருளாதாரம் என்ற கருத்தால் விளக்கினார். இன்றைய உதைபந்தாட்ட இரசிகனின் கோரிக்கையும் இவ்வகையினதே. பங்குப் பத்திரம் தன்னிடமில்லை என்பதை அவன் அறிவான். உடைமையாளர் கழகத்தைக் காப்பாளராக வைத்திருக்க வேண்டும் என்பதே அவனது எதிர்பார்ப்பு.

இவ்வெதிர்பார்ப்பு வெறுங் கனவுமன்று. இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் 34 ஆம் விதி, கழகங்கள் பங்காளருக்கு வழங்கும் இலாபப் பங்கை மட்டுப்படுத்தியிருந்தது. பணிப்பாளர் ஊதியம் பெறுவதையும் நெடுங்காலம் தடைசெய்திருந்தது. கழகம் இலாபம் கறக்கும் பசுவன்று என்னும் அறக்கருத்து அங்கே விதியாக உறைந்திருந்தது. 1983 இல் இலண்டனின் ரொட்டன்ஹாம் கழகம், கழகத்துக்கு மேலே ஒரு தாய்க் கம்பனியை அமைத்து அதனைப் பங்குச் சந்தையில் இட்டது. கழகத்தைக் கட்டுப்படுத்திய விதி தாய்க் கம்பனியைக் கட்டுப்படுத்தவில்லை. விதி ஏட்டில் இருந்தது; அதன் உயிர் போயிற்று. 1989 இல் ஹில்ஸ்பரோ அரங்கில் நேர்ந்த நெரிசல் 97 உயிர்களைப் பலிகொண்டது. அதனையடுத்து பெரிய அரங்குகளில் நின்று பார்க்கும் படிக்கட்டுகள் நீக்கப்பட்டு யாவும் இருக்கைகளாயின. 1992 இல் பிரிமியர் லீக் உருவாகித் தொலைக்காட்சிப் பணம் பெருகியது. நுழைவுச்சீட்டின் விலை ஏறியது. வழக்கத்தினால் வந்த உரிமை தேய்ந்த வரலாற்றின் படிகள் இவை.

கடனும் ஈடும்

1998 இல் ரூப்பேட் மேர்டொக்கின் தொலைக்காட்சி நிறுவனம் மன்செஸ்ரர் யுனைற்றெட்டை 62 கோடி பவுணுக்கு மேற்பட்ட தொகைக்கு வாங்க முற்பட்டது. இரசிகர் அமைப்புகளும் இரசிகராயிருந்த சிறு பங்காளரும் கடுமையாக எதிர்த்தனர். தனியுரிமை பற்றி விசாரிக்கும் ஆணைக்குழுவின் அறிக்கையை ஏற்று 1999 ஏப்ரிலில் பிரித்தானிய அரசு அவ்விற்பனையைத் தடுத்தது. இரசிகர் எதிர்ப்பு வரலாற்றிலே இது ஒரு பெருவெற்றி. ஆயின் அவ்வெற்றி கழகத்தை விலைக்கு வாங்கக்கூடிய பொருள் என்னும் நிலையிலிருந்து மீட்கவில்லை. ஒரு குறிப்பிட்ட கொள்வனவாளரை மட்டுமே விலக்கியது. சந்தை திறந்தே இருந்தது.

2005 மே மாதத்தில் அமெரிக்கரான மல்கம் கிளேசர் அச்சந்தைக்கு வந்தார். கழகத்தின் மதிப்பு ஏறத்தாழ 79 கோடி பவுண். அதில் பெரும்பகுதி கடனாகத் திரட்டப்பட்டது. அக்கடனின் பெருஞ்சுமை வாங்கியவர் தலையிலன்றி வாங்கப்பட்ட கழகத்தின் தலையிலே ஏற்றப்பட்டது. தமக்கென ஒரு பங்கையேனும் வைத்திருந்த இரசிகர்கள், கொள்வனவாளரின் பங்குத்தொகை சட்ட எல்லையைக் கடந்ததும் தம் பங்குகளை விற்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர். அதுவரை குறிப்பிடத்தக்க கடன் அற்றிருந்த கழகத்தின் கடன்சுமை 2010 இல் 70 கோடி பவுணை விஞ்சியிருந்தது.

ஒருவன் மற்றொருவனின் வீட்டை வாங்குவதற்கு அவ்வீட்டையே ஈடு வைக்கிறான் எனின் நமக்கு அது புதிதன்று. வீட்டை வாங்கியபின் கடனை அவனே செலுத்துவான். இங்கே கடனைச் செலுத்துவது வீடே. வீட்டுக்கு வருமானம் எங்கிருந்து வருகின்றது? அதிலே குடியிருப்பதாக நம்பும் இரசிகரிடமிருந்தும், அவர்கள் நிரப்பும் அரங்கை விலையாக்கும் தொலைக்காட்சியிலிருந்தும், அவர்கள் அணியும் மேலாடையில் தம் பெயர் பொறிக்கும் விளம்பரதாரரிடமிருந்தும் வருகின்றது. கடன் கொடுத்தோர் கணக்கிட்டது அரங்கின் செங்கல்லையும் புல்லையும் மட்டுமன்று. வேறொரு கம்பனியின் வாடிக்கையாளர் விலை ஏறினால் கடை மாறுவர். உதைபந்தாட்ட இரசிகன் கடை மாறான். தந்தையிடமிருந்து பெற்ற கழகத்தைத் தன் மகனுக்குக் கொடுப்பான். இந்த மாறாமையே கடனுக்கான மெய்யான ஈடு. பற்று எவ்வளவு ஆழமானதோ அவ்வளவு பெருங்கடனை அதன்மீது எழுப்பலாம்.

எதிர்ப்பின் இக்கட்டு இதனால் தெளிவாகின்றது. தொழிலாளி வேலையை நிறுத்தும்போது தனக்கு வேண்டாத ஒன்றையே நிறுத்துகிறான். கூலியை இழந்தாலும் உழைப்பை இழப்பதில் அவனுக்குத் துயரில்லை. இரசிகன் அரங்குக்குச் செல்வதை நிறுத்தும்போதோ தனக்கு மிக வேண்டியதையே நிறுத்துகிறான். உடைமையாளரை அடிக்க ஓங்கும் கோல் முதலில் அவன் முதுகிலேயே விழுகின்றது.

எதிர்ப்பின் வடிவங்கள்

இவ்விக்கட்டிலிருந்து வெளியேற இரசிகர் பல வழிகளை முயன்றனர். முதலாவது வழி குறியீடு. 2010 இல் ஓல்ட் ட்ரபோர்ட் அரங்கிலே செந்நிறத்தின் நடுவே பச்சையும் பொன்னிறமும் கலந்த கழுத்துத் துண்டுகள் தோன்றின. அவை நியூற்றன் ஹீத் தொழிலாளர் கழகத்தின் பழைய நிறங்கள். கழகத்தை விட்டு நீங்காமலே அதன் உடைமையாளரை மறுக்கும் வழி இது. கழகத்தின் இன்றைய நிறத்துக்கு எதிராக அதன் பிறப்பின் நிறத்தை நிறுத்துதல் ஆழ்ந்த கற்பனையே. ஆயினும் இதன் வரையறையையும் காண வேண்டும். இதே நிறங்களை 1992 இல் கழகமே மேலாடையாகத் தைத்து விற்றிருந்தது. நினைவும் விற்பனைப் பொருளாக முடியும். 2010 மார்ச்சில் மிலான் அணிக்காக அங்கே ஆட வந்த டேவிட் பெக்கம், ஆட்ட முடிவில் அத்துண்டொன்றை எடுத்துக் கழுத்தில் அணிந்தார், அரங்கு ஆர்ப்பரித்தது. உடைமைப் பூசல் தமது விடயமன்று என அவர் பின்னர் கூறிவிட்டார். எவரும் எதனையும் இழக்காமல் அணியக்கூடிய குறியீடு எவரையும் எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. துண்டணிந்தோர் நுழைவுச்சீட்டு வாங்கியே உள்ளே வந்தனர் என்பதையும் மறத்தலாகாது. அணியும் வென்றுகொண்டிருந்தது. 2007 முதல் 2013 வரை ஐந்து முறை லீக் கிண்ணம் கிடைத்தது. வெற்றி எதிர்ப்பின் குரலைத் தாழ்த்தியது.

இரண்டாவது வழி வெளிநடப்பு. 2016 பெப்ரவரி 6 இல் லிவர்பூலின் அன்ஃபீல்ட் அரங்கிலே, சில இருக்கைகளுக்கு 77 பவுண் விலை குறிக்கப்படவிருப்பதை எதிர்த்து, ஆட்டத்தின் 77 ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 பேர் எழுந்து வெளியேறினர். அவ்வேளை லிவர்பூல் இரண்டு கோல்களால் முன்னணியில் இருந்தது. அவர்கள் வெளியேறிய பின்னர் சண்டர்லன்ட் அணி இரண்டு கோல்களைப் புகுத்தி ஆட்டத்தைச் சமநிலையாக்கியது. தாங்குபவர் எழுந்து சென்றால் தாங்கப்படுவது சரியும் என்பதற்கு இதனினும் தெளிவான காட்சி வேண்டியதில்லை. சில நாட்களில் உடைமையாளர் மன்னிப்புக் கோரி விலையைக் கைவிட்டனர். தொம்சன் காட்டிய தானியச் சந்தை இங்கே மீண்டும் நம் கண்முன் வருகின்றது. கோரிக்கை விலை பற்றியதாதலின் வென்றது. உடைமை அவ்வாறே இருந்தது.

மூன்றாவது வழி பகிஷ்கரிப்பு. பிளக்பூல் கழக இரசிகர் பலர், ஓய்ஸ்ரன் குடும்பத்தின் உடைமைக்கெதிராக ஒரு சதமும் கொடுப்பதில்லை என உறுதிபூண்டு நான்காண்டளவு தம் அரங்குக்குச் செல்லாதிருந்தனர். 2017 இல் உயர்நீதிமன்றம் சிறுபான்மைப் பங்காளர் ஒருவருக்கு 3 கோடி பவுணுக்கு மேற்பட்ட தொகையைச் செலுத்துமாறு உடைமையாளருக்குத் தீர்ப்பளித்தது. அத்தொகை முழுமையாகச் செலுத்தப்படாமையின் 2019 பெப்ரவரியில் கழகம் நீதிமன்றம் நியமித்த பெறுநரின் கைக்கு மாறியது. அடுத்த மாதம் 15,000 பேருக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் அரங்குக்குத் திரும்பினர். இரசிகரின் பொறுமை வியக்கத்தக்கது. ஆயினும் உடைமையாளரை வீழ்த்தியது மற்றொரு பங்காளரின் வழக்கே என்பதையும் கூறாதுவிடின் நாம் நேர்மையற்றோராவோம். பிளக்பூல் மற்றொன்றையும் உணர்த்துகின்றது. அங்கே உடைமையாளர் அமெரிக்கரல்லர், அயலாருமல்லர். அந்நியரே கேட்டுக்குக் காரணம் என எதிர்ப்பாளர் சிலர் பேசும் பேச்சு உண்மைக் காரணத்தை மறைப்பதாகும். குறை உடைமையாளன் பிறந்த நாட்டிலன்று, உடைமையின் அமைப்பிலேயே உள்ளது.

நான்காவது வழி பிரிந்து சென்று புதிதாய்ப் படைத்தல். 2002 இல் விம்பிள்டன் கழகம் ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மில்ரன் கீன்ஸ் நகருக்குப் பெயர்வதற்கு அனுமதி வழங்கப்பட்டபோது, அதன் இரசிகர் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்னும் கழகத்தைத் தாமே தொடங்கினர். ஆட்டக்காரரைத் தெரிவு செய்யப் பொதுவெளி ஒன்றிலே சோதனையாட்டம் நடத்தினர். ஆங்கில உதைபந்தாட்டப் படிநிலையின் ஒன்பதாம் படியிலிருந்து ஏறி 2011 இல் உதைபந்தாட்ட லீக்கினுள் நுழைந்தனர். 2020 இல் தம் பழைய பகுதியான பிளவ் லேனுக்குத் திரும்பினர். 2005 இல் கிளேசரின் வருகையை ஏற்காத மன்செஸ்ரர் இரசிகர் எஃப்.சி. யுனைற்றெட் கழகத்தை அமைத்தனர். ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது அதன் அடிப்படை. அதன் மேலாடையில் விளம்பரதாரர் பெயர் இல்லை. 2015 இல் மொஸ்ரன் பகுதியில் தனக்கென ஓர் அரங்கையும் அது கட்டியது. அதுவரை அது பெரும்பாலும் வாடகைக்கு ஆடிவந்த அரங்கின் உரிமைக் கழகமான பெரி, 2019 இல் நிதிச்சீர்கேட்டினால் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. வாடகைக்கு இருந்தவன் வீடு கட்டினான். வீட்டுக்காரன் தெருவுக்கு வந்தான்.

ஒரு திரைப்படம் காட்டுவதும் காட்டாததும்

இப்பிரிவினையைக் கலையில் பதிவு செய்த முக்கிய படைப்பு, போல் லவேர்ட்டி எழுத கென் லோச் நெறியாள்கை செய்த 'லுக்கிங் ஃபோர் எரிக்' என்னும் 2009 ஆம் ஆண்டுத் திரைப்படமாகும். வாழ்வில் நொந்துபோன தபாற்காரன் எரிக் பிஷப்பின் முன்னே அவனது ஆதர்ச ஆட்டக்காரரான எரிக் கன்ரோனா கற்பனையில் தோன்றி உரையாடுகின்றார். அரங்குக்குச் செல்லும் வழக்கம் அற்றுப்போனவன் பிஷப். தபாற்காரர் மதுச்சாலைத் தொலைக்காட்சியின் முன்னே கூடுவதும், பழைய கழகத்தை விட்டுப் புதிய கழகத்துக்குச் சென்றவனோடு தர்க்கிப்பதும் படத்தின் உயிர்ப்பான பகுதிகளுள் ஒன்று. விட்டுச் சென்றவன் துரோகியா, விடாதிருப்பவன் ஏமாளியா என்னும் வினாவுக்கு லோச் தீர்ப்புக் கூறவில்லை. இருவரும் ஒரே பற்றினால் பேசுகின்றனர் என்பதை மட்டும் நாம் உணரச் செய்கின்றார். தமது இனிய நினைவு யாதென வினவப்படும்போது கன்ரோனா தாம் புகுத்திய கோலைக் கூறாமல் சகவீரருக்குக் கொடுத்த பந்தைக் கூறுவது, படத்தின் கூட்டுவாழ்வுத் தத்துவத்தைச் சுருங்க உணர்த்துவதாகும்.

படத்தின் இறுதியில் தபாற்காரரும் நண்பரும் கன்ரோனாவின் முகமூடி அணிந்து திரளாகச் சென்று, பிஷப்பின் குடும்பத்தை அச்சுறுத்தும் குண்டன் ஒருவனை அவன் வீட்டிலேயே அவமானப்படுத்துகின்றனர். கூட்டுச் செயலின் மகிழ்ச்சி அக்காட்சியில் ததும்புகின்றது. ஆயின் இங்கேதான் எமது விமர்சனமும் எழுகின்றது. அக்குண்டனுக்கு முகமுண்டு, வீடுண்டு, கதவுண்டு. முகமூடியணிந்த கூட்டம் அக்கதவை உடைக்கலாம். மதுச்சாலையில் அவர்கள் தர்க்கித்த மெய்யான பகைக்கு அத்தகைய கதவில்லை. அது கடன் பத்திரமாக எங்கோ ஒரு பெட்டகத்தில் இருக்கின்றது. தான் எழுப்பிய சமூக வினாவுக்கான விடையைப் படம் ஒரு தனிமனித வில்லனை வெல்வதில் தேடிக்கொள்கின்றது. இது லோச்சின் திறனின்மையால் நேர்ந்ததன்று. நிதிமூலதனத்துக்கு முகம் கொடுப்பது கலைக்கே கடினமான பணி. 2021 இல் அரங்கினுட் புகுந்தோரும் இதே இடர்ப்பாட்டையே எதிர்கொண்டனர். அவர்கள் உடைத்துப் புகுந்தது உடைமையாளரின் வீட்டுக்குள் அன்று, தம் வீட்டுக்குள்ளேயே.

எசமானை மாற்றுதலும் உடைமையை மாற்றுதலும்

இரசிகர் எதிர்ப்பினைப் போற்றுவோர் எளிதிற் கடந்து செல்லும் ஓர் உண்மையை இனி நோக்குதல் தகும். நியூகாசில் இரசிகர் மைக் அஷ்லி என்னும் வணிகருக்கெதிராகப் பல்லாண்டு போராடினர். 2021 ஒக்டோபரில் அக்கழகம் சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியம் தலைமை தாங்கிய கூட்டொன்றுக்கு விற்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் அரங்கின் முன்னே கூடி ஆடிப்பாடினர். ஒரு வணிகரின் கஞ்சத்தனத்தை எதிர்த்தோருக்கு ஓர் அரசின் செல்வம் இனித்தது. போட்ஸ்மத் இரசிகர் 2013 இல் தம் கழகத்தைத் தாமே வாங்கி அழிவிலிருந்து மீட்டனர். அதே இரசிகர் 2017 இல் பெரும்பான்மை வாக்கினால் அதனை ஓர் அமெரிக்கச் செல்வந்தருக்கு விற்றனர். எஃப்.சி. யுனைற்றெட்டிலும் 2016 இல் நிர்வாகத்துக்கும் உறுப்பினருக்குமிடையே கசப்பான பூசல் மூண்டது. அக்கழகம் இன்றளவும் ஆறாம் படிக்கு மேல் ஏறியதில்லை.

இரசிகர் எதிர்ப்பில் இருவேறு கோரிக்கைகள் கலந்து கிடக்கின்றன. நல்ல எசமான் வேண்டும் என்பது ஒன்று. எசமானே வேண்டாம் என்பது மற்றையது. முன்னையது கிண்ணம் வென்றதும் அடங்கிவிடும். பின்னையது தோல்வியைத் தாங்கச் சித்தமாயிருத்தல் வேண்டும். அரங்கினுள் எழும் ஒரே முழக்கத்துள் இவ்விரண்டும் மறைந்திருத்தலின், முழக்கத்தின் பேரொலியைக் கொண்டு எதிர்ப்பின் தன்மையை மதிப்பிடுதல் இயலாது.

ஜேர்மனியின் அனுபவம் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. 1998 இல் கழகங்கள் கம்பனிகளாக மாற அனுமதிக்கப்பட்டபோது, வாக்குரிமையிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு தாய்க் கழகத்தின் உறுப்பினரிடமே இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. அவ்விதிக்கு விலக்குகளும் உள. அதனைச் சுற்றிச் செல்லும் உபாயங்களும் உள. எனினும் 2024 இன் தொடக்கத்தில் லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பகுதியை வெளி முதலீட்டாளருக்கு விற்க முயன்றபோது, இரசிகர் வாரந்தோறும் தெனிஸ் பந்துகளையும் சொக்கிலேற் நாணயங்களையும் ஆடுதளத்தில் எறிந்து ஆட்டங்களை இடைநிறுத்தினர். பெப்ரவரி 21 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. தெனிஸ் பந்து கழுத்துத் துண்டைவிட வலிய ஆயுதமன்று. எறிந்தோரிற் பலர் தத்தம் கழகங்களில் வாக்குரிமை பெற்ற உறுப்பினர் என்பதே வேறுபாடு. அவர்களது பற்றுக்குச் சட்டத்தில் ஓர் இருக்கை இருந்தது.

இங்கிலாந்திலும் அசைவு இல்லாமலில்லை. 2021 ஏப்ரிலில் ஐரோப்பியப் பெருங்கழகங்கள் பன்னிரண்டு தமக்கெனத் தனி லீக் ஒன்றை அறிவித்தன. எதிர்ப்பின் வேகத்தில் ஆறு ஆங்கிலக் கழகங்களும் இரண்டே நாட்களில் விலகின. அதன் தொடர்ச்சியாய் அமைந்த விசாரணையின் பயனாக 2025 யூலையில் உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம் நிறைவேறியது. சுயாதீன ஒழுங்குபடுத்துநர் ஒருவர், உடைமையாளரின் தகுதி பற்றிய பரிசோதனை, கழகத்தின் சின்னத்தையும் நிறத்தையும் மாற்றுவதில் இரசிகரின் கருத்துக்கு இடம் ஆகியன அதனுள் அடங்கும். நிறத்தின்மீது குரல் கிடைத்தது; கடனின்மீது வாக்குக் கிடைக்கவில்லை. தொம்சனின் சந்தையிலே விலை கண்காணிக்க ஒரு நீதவான் நியமிக்கப்பட்டுள்ளார் என்பதே இதன் சாரம்.

நாம் நிற்கும் இடம்

இவையனைத்தும் தொலைதூர நாடொன்றின் பொழுதுபோக்குச் செய்திகள் என நாம் ஒதுங்கிவிட முடியுமா? சனிக்கிழமை இரவுகளில் எம் விடுதிகளின் பொதுவறைகளிலே இக்கழகங்களின் மேலாடை அணிந்து அமர்ந்திருப்போர் யார்? பிரித்தானியாவிலே சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களை அந்நாட்டில் நேரடியாக ஒளிபரப்புவதில்லை என்பது நெடுங்கால விதி. சிறு கழகங்களின் அரங்குகள் வெறுமையாகாமற் காப்பதே அதன் நோக்கம். எனவே நுழைவுச்சீட்டு வாங்க வசதியற்ற மன்செஸ்ரர் தபாற்காரன் காணமுடியாத ஆட்டத்தை இங்கிருந்து நாம் காண்கிறோம். 2022 இல் தொடங்கிய மூவாண்டு ஒப்பந்தச் சுற்றில் பிரிமியர் லீக்கின் வெளிநாட்டு ஒளிபரப்பு வருமானம் முதன்முறையாக உள்நாட்டு வருமானத்தை விஞ்சியது. தபாற்காரன் அரங்கைப் பகிஷ்கரிக்கும்போது உடைமையாளரை விழாமற் காப்பது எமது பார்வையும் சேர்ந்துதான்.

எமது பற்றும் மெய்யானதே. அது போலியென்று கூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் எமது பற்று யாதொரு கடமையும் கோராத பற்று. அப்பகுதியில் நாம் வாழவில்லை. நுழைவுச்சீட்டின் விலை எம்மை வருத்துவதில்லை. அரங்கு இடம் பெயர்ந்தாலும் எம் தொலைக்காட்சி இடம் பெயராது. கடன் கொடுப்போன் விரும்பும் ஈடு இதுவே. குறைகூறாது, வெளிநடவாது, உலகெங்கும் பரந்து கிடக்கும் பற்று. அங்கே ஒருவன் தன் பற்றினை மீட்டெடுக்கப் போராடும்போது, அவன் விட்டுச்சென்ற இடத்தை நிரப்புபவன் வேலைநிறுத்தத்தின்போது வாயிற்கதவினூடே உள்ளே செல்பவனை ஒத்தவன் என்னும் கடுஞ்சொல்லை நான் எழுதத் தயங்குகிறேன். எனினும் அவ்வொப்புமையை முற்றாக மறுக்கவும் என்னால் இயலவில்லை.

ஆட்டத்தைக் காணாதிருங்கள் எனக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது நடவாது என்பதையும் அறிவேன். காண்பதை விளங்கிக் காண்போம் என்பதே வேண்டுகோள். அரங்கிலே பச்சையும் பொன்னும் தெரியும்போது அது வெறும் அலங்காரமன்று என்பதையும், 77 ஆவது நிமிடத்தில் வெறுமையான இருக்கைகள் சலிப்பினால் வெறுமையானவையல்ல என்பதையும் அறிந்து காண்போம். பன்னிரண்டு கழகங்களின் திட்டம் சரிந்த அந்த ஏப்ரில் நாட்களிலே உலகின் பல பாகங்களிலிருந்தும் எழுந்த கண்டனம் உள்ளூர் இரசிகரின் குரலோடு சேர்ந்தே ஒலித்தது. தொலைவிலிருப்போரும் நுகர்வோராக மட்டும் இருக்கவேண்டியதில்லை என்பதற்கு அது ஒரு சான்று. சுவைப்பவன் தாங்குபவனாகவும் மாறுவதற்கு முதற்படி, தன் பற்றினை யார் எங்கே ஈடு வைத்திருக்கின்றார் என வினவுவதேயாகும்.